கண் இமைக்காத கேமரா

மிரர் இல்லாத கேமரா மதுரைக்கு 1858-லேயே வந்துவிட்டது. கொண்டுவந்தவர் லின்னேயஸ் ட்ரைப். ராணுவ கேப்டன், சென்னை மாகாண அரசு சம்பளம் கொடுத்து வைத்திருந்த போட்டோகிராபர். மீனாட்சி கோயில், அப்போது சிதைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகால், புது மண்டபம், தெப்பக்குளம், கலெக்டர் பிளாக்பர்ன் பெயரில் நிறுத்திய விளக்குத்தூண் என்று ஊரைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார். அந்தப் படங்கள் அதே ஆண்டில் சென்னையில் தொகுப்பாகவும் வெளிவந்தன. இன்று செல்போனைக்கூட உள்ளே விடாத கோயிலுக்குள் அந்த மனிதர் மரப்பெட்டியும் முக்காலியுமாகப் போயிருக்கிறார்.

அந்தப் பெட்டி வேலை செய்த விதம் எளிது. முன்னால் லென்ஸ், பின்னால் மங்கலான கண்ணாடித் தகடு. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் தகட்டில் கோபுரம் தலைகீழாகத் தெரியும். ஃபோகஸ் பார்த்து முடித்ததும் தகட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மெழுகு பூசிய காகித நெகடிவைச் செருக வேண்டும். செருகிய நொடியிலிருந்து போட்டோகிராபருக்குக் கண் போய்விட்டது. லென்ஸ் மூடியைத் திறப்பார், காத்திருப்பார், மூடுவார். இடையில் என்ன நடந்தது என்பது நெகடிவைக் கழுவும்போதுதான் தெரியும். குறுக்கே நடந்துபோனவர் புகை மாதிரி விழுந்திருப்பார், அல்லது விழாமலே போயிருப்பார்.

கேமராவின் வரலாறு நெடுக ஓடும் தொல்லை இதுதான். பார்க்கும்போது எடுக்க முடியாது, எடுக்கும்போது பார்க்க முடியாது. மிரர் வந்ததும் இதற்காக, மிரர் போனதும் இதற்காக.

ட்ரைப் மதுரையை விட்டுப் போன மூன்றாம் ஆண்டு, 1861-ல், இங்கிலாந்தில் தாமஸ் சட்டன் என்பவர் ஒரு யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு மிரரை வைப்பது. வரும் ஒளி அதில் பட்டு மேலே திரும்பிக் கண்ணுக்குப் போகும். எடுக்கும் நேரத்தில் மிரரைத் தூக்கிவிட்டால் ஒளி நேரே பின்னால் போய்விடும். தகட்டை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். நல்ல யோசனைதான், ஆனால் கைக்கு அடக்கமாக வர முக்கால் நூற்றாண்டு பிடித்தது. 35 மில்லிமீட்டர் பிலிமுக்கு 1936-ல் ஜெர்மனியின் எக்ஸாக்டா வந்தது. 1949-ல் கான்டாக்ஸ் எஸ் ஐங்கோணப் பட்டகம் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து, கண்ணுயரத்தில் வைத்தே படத்தை நேராகப் பார்க்க வழி செய்தது. அப்போதும் ஒரு குறை: படம் எடுத்ததும் மிரர் மேலேயே நின்றுவிடும். பிலிமைச் சுற்றினால்தான் இறங்கும், அதுவரை வியூஃபைண்டர் இருட்டு. ஜப்பானின் அசாஹி நிறுவனம் 1954-ல் மிரர் தானாகவே கீழே வந்து உட்காரும்படி செய்தது. 1959-ல் நிக்கான் எஃப் வந்ததும் பத்திரிகைக்காரர்கள் கைக்கு எஸ்எல்ஆர் எனப்படும் இந்த மிரர் கேமரா வந்து சேர்ந்தது.

நம் ஊர் ஸ்டூடியோக்கள் அப்போதும் யாஷிகாவிலேயே இருந்தன. இரண்டு லென்ஸ், மேல் லென்ஸ் பார்க்க, கீழ் லென்ஸ் எடுக்க. அதன் மிரர் அசையாது, அதனால் இருட்டும் கிடையாது. ஆனால் குனிந்து பார்த்தால் இடம் வலமாகத் தெரியும். ஓரமாக நிற்கும் மாமாவைச் சேர்க்கக் கேமராவை எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதை மாற்றி யோசித்துப் பழகியவர்தான் போட்டோகிராபர். 120 பிலிமில் பன்னிரண்டு படம், அதற்குள் கல்யாணத்தை முடித்துவிட்டு அடுத்த ரோல்.

இனி டிஜிட்டல். 1975-ல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவ் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் மிரர் இல்லை. 0.01 மெகாபிக்சல், மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை, ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி. பிறக்கும்போதே மிரர் வேண்டாம் என்றுதான் பிறந்தது. பிலிம் வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் பொருள், அதனால்தான் எடுக்கும் நேரம் வரை அதை மறைத்து வைத்து, கண்ணுக்கு வேறு வழியில் படத்தைக் காட்ட வேண்டியிருந்தது. பிலிமின் இடத்துக்கு வந்த சென்சாருக்கு அந்தக் கற்பு கிடையாது. எவ்வளவு நேரம் வெளிச்சத்தில் இருந்தாலும், தான் பார்ப்பதை அப்படியே திரைக்கு அனுப்பலாம்.

ஆனாலும் மிரர் போகவில்லை. 1991-ல் கோடாக் தொழில்முறை ஆட்களுக்கென்று டிசிஎஸ் கேமராவைக் கொண்டுவந்தபோது, சென்சாரை நிக்கான் எஃப்3 என்ற பிலிம் கேமராவின் முதுகில்தான் பொருத்தியது. லென்ஸ் தயாராக இருக்கிறது, பாடி தயாராக இருக்கிறது, போட்டோகிராபரின் கை அதற்குப் பழகியிருக்கிறது. மிக்சி வைத்த புதுவீட்டுக்கு ஆட்டுக்கல்லையும் தூக்கிக்கொண்டு போன கதைதான். 1999-ல் நிக்கான் டி1, 2003-ல் கேனான் 300டி, அதன் பிறகு கல்யாண வீடுகளை நிறைத்த டிஎஸ்எல்ஆர், அதாவது டிஜிட்டல் எஸ்எல்ஆர், எல்லாமே பிலிம் கேமராவின் எலும்புக்கூட்டுக்குள் சென்சார் வைத்தவைதான்.

இதை வெறும் பழக்கதோஷம் என்று தள்ளிவிட முடியாது. மிரர் சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தது. அதன் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு குட்டி மிரர் கொஞ்சம் ஒளியைக் கீழே அனுப்பும். அங்கே ஃபோகஸுக்கென்றே தனியாக ஒரு சென்சார், லென்ஸ் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடும். அன்றைக்கு ஓடுகிற மாட்டைப் பிடிக்க இதைவிட வேகமான வழி இல்லை. சிக்கல் என்னவென்றால், ஃபோகஸ் பார்ப்பது ஓரிடம், படம் பதிவது வேறிடம். இரண்டுக்கும் இடையில் மயிரிழை வித்தியாசம் வந்தாலும் மணப்பெண்ணின் கண்ணில் வைத்த ஃபோகஸ் ஜிமிக்கியில் போய் உட்கார்ந்துகொள்ளும். 85 மில்லிமீட்டர் லென்ஸை அகலத் திறந்து எடுப்பவர்களுக்கு இந்த ஜிமிக்கி நன்றாகத் தெரியும். லென்ஸை பாடியோடு சேர்த்து சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிச் சரிசெய்துகொண்டு வருவார்கள்.

அப்புறம் 2008. அந்த ஆகஸ்ட், செப்டம்பரில் நடந்ததை வரிசையாகப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒலிம்பஸும் பானாசோனிக்கும் சேர்ந்து மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற புது ஏற்பாட்டை அறிவித்தன. மிரர் இல்லை, லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் சென்சாருக்கும் உள்ள தூரம் பாதியாகக் குறைந்தது. அதே மாதக் கடைசியில் நிக்கான் டி90 வந்தது, வீடியோ எடுக்கும் முதல் டிஎஸ்எல்ஆர். செப்டம்பரில் பானாசோனிக் ஜி1 அறிவிக்கப்பட்டது. லென்ஸ் மாற்றலாம், ஆட்டோஃபோகஸ் உண்டு, மிரர் கிடையாது. இன்று மிரர்லெஸ் என்று நாம் சொல்லும் சாதி இதிலிருந்துதான் தொடங்குகிறது. சில நாள் கழித்து கேனான் 5டி மார்க் 2.

இதில் உலகம் கொண்டாடியது கடைசியாக வந்ததை. முழு அளவு சென்சாரில் சினிமா மாதிரி வீடியோ, அதுவும் கையில் பிடிக்கும் கேமராவில்! அந்த அலை தமிழ் சினிமா வரை வந்தது. பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ படத்தை 2012-ல் விஜய் மில்டன் கேனான் ஸ்டில் கேமராவில் எடுத்துக் காட்டினார். ஆனால் டிஎஸ்எல்ஆரில் வீடியோ பொத்தானை அழுத்தினால் முதலில் என்ன நடக்கும்? மிரர் மேலே போய் ஒட்டிக்கொள்ளும், வியூஃபைண்டர் இருண்டுவிடும், பின்திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அதாவது வீடியோ ஓடுகிற நேரமெல்லாம் அது மிரர்லெஸ் கேமராதான். நம் கல்யாண வீடியோக்காரர்கள் பெயர் தெரியாமலே பல வருடம் மிரர்லெஸ் ஓட்டியிருக்கிறார்கள்.

இந்த மாற்றத்தைத் தொடங்கியவர்கள் யார் என்பதைப் பாருங்கள். கேனானும் நிக்கானும் இல்லை. எஸ்எல்ஆர் பந்தயத்தில் அவர்களைப் பிடிக்க முடியாமல் மூச்சிரைத்த ஒலிம்பஸ், பானாசோனிக், அடுத்து 2010-ல் சாம்சங், சோனி. சோனி 2006-ல்தான் கோனிகா மினோல்டாவின் கேமராத் தொழிலை வாங்கி உள்ளே வந்த நிறுவனம். இழக்க இவர்களிடம் பெரிதாக ஒன்றுமில்லை. கேனான் 1987-லிருந்து இஎஃப் லென்ஸ்களை விற்றுவந்தது, நிக்கானின் எஃப் வளையம் 1959-லிருந்து மாறவே இல்லை. உலகம் முழுக்க அலமாரிகளில் இருக்கும் அத்தனை லென்ஸையும் பழசாக்கும் கேமராவை அவர்களே ஏன் செய்யப் போகிறார்கள்? செய்ததும் அரைமனதோடுதான். நிக்கான் 1 (2011) குட்டி சென்சாரோடு வந்து பிறகு கைவிடப்பட்டது. கேனான் இஓஎஸ் எம் (2012) ஃபோகஸ் பிடிப்பதற்குள் மாப்பிள்ளை மாலை மாற்றி முடித்துவிடுவார்.

முதல் தலைமுறை மிரர்லெஸ்கள் பெரும்பாலானவற்றுக்கு ஃபோகஸ் வியாதி இருந்தது. தனி ஃபோகஸ் சென்சார் இல்லாததால், படம் எப்போது தெளிகிறது என்று லென்ஸை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தன. நிற்கிற பொருளுக்குச் சரி, ஓடுவதற்கு ஆகாது. வியூஃபைண்டர் திரையும் கொஞ்சம் பின்தங்கியே ஓடும். கண்ணுக்குத் தெரியும் காளை ஏற்கெனவே வேறிடத்துக்குப் போயிருக்கும். பட சென்சாரிலேயே ஃபோகஸ் பார்க்கும் புள்ளிகளைப் பதிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் விடிந்தது. பார்ப்பதும் பதிவதும் ஒரே இடத்தில் என்றான பிறகு ஜிமிக்கித் தொல்லை போனது. அடுத்து முகத்தையும் கண்ணையும் கேமராவே அடையாளம் கண்டு பின்தொடர ஆரம்பித்தது.

2013-ல் சோனி ஏ7 வந்தது, முழு அளவு சென்சாரோடு. பேட்டரி மட்டும் 340 படத்துக்கு மேல் தாங்காது என்று கணக்கு. நம் ஊரில் மாப்பிள்ளை அழைப்பு முடியுமுன்னே 340 ஆகிவிடும். 2017 ஜனவரியில் தமுக்கம் மைதானத்திலும் அலங்காநல்லூரிலும் ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் அமர்ந்திருந்தபோது பத்திரிகைக்காரர்கள் தோளில் தொங்கியது பெரும்பாலும் டிஎஸ்எல்ஆர்தான். மூன்று மாதம் கழித்து, ஏப்ரலில், சோனி ஏ9 அறிவிக்கப்பட்டது. சென்சாருக்கு அடியிலேயே நினைவகத்தை அடுக்கி வைத்திருந்ததால் விநாடிக்கு 20 படம் எடுத்துக்கொண்டே வியூஃபைண்டரில் காட்சியையும் நிறுத்தாமல் காட்டியது.

இது ஏன் பெரிய விஷயம்? எஸ்எல்ஆரில் மிரர் தூக்கியிருக்கும் அந்தக் கண நேரம் போட்டோகிராபருக்குக் காட்சி தெரியாது. ஆக, அவர் கண்ணால் பார்த்தது படமாகியிருக்காது. படமானதை அவர் பார்த்திருக்க மாட்டார். பழைய கைகள் இதை ஒரு ஞானமாகவே சொல்வார்கள்: பார்த்துவிட்டால் தவறவிட்டாய் என்று அர்த்தம். லைக்காவிலும் யாஷிகாவிலும் இருட்டு கிடையாது, ஆனால் அவற்றில் பார்க்கும் ஜன்னல் வேறு, எடுக்கும் லென்ஸ் வேறு. எடுக்கும் லென்ஸ் வழியாகவே, எடுக்கும் கணத்திலேயே, இடைவிடாமல் பார்ப்பது ட்ரைப் மதுரைக்கு வந்து 159 ஆண்டு கழித்துத்தான் இவ்வளவு ஒழுங்காகக் கைகூடியது. மிரர் தோற்றுவிட்டதற்குச் சாட்சி கேனானே சொன்னது. 2020-ல் வந்த அதன் மூத்த டிஎஸ்எல்ஆர், 1டிஎக்ஸ் மார்க் 3, மிரரோடு விநாடிக்கு 16 படம் எடுத்தது. மிரரைத் தூக்கி நிறுத்திவிட்டால் 20. அதே ஆண்டு ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் சந்தைக்கு அனுப்பிய எண்ணிக்கையில் மிரர்லெஸ் டிஎஸ்எல்ஆரை முந்தியது.

ஆனால் மதுரையில் தொழில்காரர்களை மாற்றியது ஏ9 இல்லை. அந்த விலைக்குக் கல்யாண ஆர்டர் கட்டுப்படியாகாது. மாற்றியது 2018 பிப்ரவரியில் வந்த ஏ7 மார்க் 3. அது அறிவிக்கப்பட்டதே லாஸ் வேகஸில் கல்யாணப் போட்டோகிராபர்கள் கூடும் மாநாட்டை ஒட்டித்தான். 24 மெகாபிக்சல், முந்தையதைவிட இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும் பேட்டரி, கண்ணைப் பிடிக்கும் ஃபோகஸ். அதோடு இரண்டு மெமரி கார்டு ஸ்லாட்.

இந்த ஸ்லாட் விஷயத்தை விமர்சகர்கள் ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். கேமராக் கடையில் நின்று பார்த்தால்தான் அதன் எடை தெரியும். “அண்ணே, கலரெல்லாம் இருக்கட்டும், ரெண்டு ஸ்லாட்டு இருக்குல்ல?” என்பதுதான் கல்யாணத் தொழிலில் இருப்பவர் கேட்கும் கேள்வி. கெட்டிமேளம் ஒரு தடவைதான் கொட்டும். கார்டு கெட்டுப்போனால் தாலி கட்டுவதை மறுபடி எடுக்க முடியாது, பெண் வீட்டுக்காரர் முகத்தில் முழிக்கவும் முடியாது. ஒரே படம் இரண்டு கார்டிலும் விழுந்தால் ராத்திரி தூக்கம் வரும். அதே 2018 ஆகஸ்டில் நிக்கான் இசட்6, இசட்7 வந்தன. செப்டம்பரில் கேனான் இஓஎஸ் ஆர். நல்ல கேமராக்கள், ஆனால் ஒரே ஒரு ஸ்லாட். பல பத்தாண்டுகள் போட்டோகிராபர்களோடு வாழ்ந்த நிறுவனங்கள் இதைக் கோட்டைவிட்டது எனக்கு இன்றும் ஆச்சரியம். 2020-ல் கேனான் ஆர்6-லும் நிக்கான் இசட்6 மார்க் 2-லும் இரண்டாவது ஸ்லாட் வந்தது. அதற்குள் பலர் சோனிக்கு மாறி, லென்ஸும் வாங்கி, தவணையும் கட்டத் தொடங்கிவிட்டார்கள். லென்ஸ் வாங்கியவர் திரும்பி வருவது கடினம்.

கேனான்காரர்கள் பலர் போகாமல் நின்றதற்குக் காரணமும் லென்ஸ்தான். ஒரு அடாப்டர் வளையம் போட்டால் பழைய இஎஃப் லென்ஸ்கள் புதிய பாடியில் அப்படியே ஓடின. நிக்கானிலும் அடாப்டர் உண்டு. ஆனால் பாடியிலுள்ள மோட்டார் திருப்ப வேண்டிய பழைய டி வகை லென்ஸ்களுக்கு அதில் ஆட்டோஃபோகஸ் கிடையாது. மலிவாகக் கிடைத்ததால் நம் ஊரில் எத்தனையோ பேரிடம் இருந்த 50 மில்லிமீட்டர் 1.8டி ஒரே நாளில் கையால் திருப்பும் லென்ஸாகிவிட்டது.

கல்யாண மண்டபத்தில் மிரர்லெஸ் கொடுத்த நன்மை எது என்று கேட்டால், நான் வேகத்தைச் சொல்லமாட்டேன். ஓமப் புகைக்கு நடுவே வெள்ளை வேட்டியும் மாநிற முகமும் சரிகைப் புடவையும் ஒரே சட்டகத்தில் வரும். டிஎஸ்எல்ஆரில் எடுத்துவிட்டுப் பின்திரையைப் பார்த்தால்தான் வேட்டி வெளுத்துப்போனது தெரியும். மிரர்லெஸ்ஸில் அழுத்துவதற்கு முன்பே வியூஃபைண்டரில் தெரிந்துவிடுகிறது. புதிதாகத் தொழில் கற்கும் பையனுக்கு ஒரு வருடப் பாடம் மிச்சம்.

தொல்லையும் உண்டு. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால் சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகத்தான் படிக்கிறது. மேடையின் எல்இடி விளக்கோ கண்ணுக்குத் தெரியாமல் துடித்துக்கொண்டிருக்கும். விளைவு, மாப்பிள்ளை பெண் மேல் பட்டைபட்டையாகக் கோடு. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு விநாடிக்கு 100 தடவை துடிக்கிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வைத்தால் பெரும்பாலும் தப்பலாம். மேடைக்குப் பின்னால் எல்இடி வால் வைத்துவிட்டால் அந்தக் கணக்கும் உதவாது, மெக்கானிக்கல் ஷட்டருக்கே திரும்ப வேண்டும். ஒரே நேரத்தில் முழுச் சென்சாரையும் படிக்கும் ஏ9 மார்க் 3 2023-ல் அறிவிக்கப்பட்டுவிட்டது. அதை மண்டபத்தில் பார்க்க இன்னும் பல முகூர்த்தம் ஆகும்.

ஆசைக்குப் படமெடுப்பவர்களின் கணக்கு வேறு. முதல் கேமரா வாங்க வருபவர் கையில் பெரும்பாலும் யூடியூப் கனவு இருக்கிறது. சோனி இசட்வி-இ10, கேனான் ஆர்50, நிக்கான் இசட்30 என்று சின்ன சென்சார், திருப்பும் திரை, எடை குறைவு. உலக அளவில் டிஜிட்டல் கேமரா விற்பனையில் கேனான் முதலிடம், சோனி அடுத்து என்று இருப்பதில் இந்தக் குட்டிக் கேமராக்களுக்கும் பங்கு உண்டு. பறவை எடுப்பவர்கள் இன்னொரு கூட்டம். மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. அங்கே பாறை ஏறி வல்லூறு எடுக்கப் போகிறவருக்கு மெகாபிக்சலைவிட முதுகில் எத்தனை கிலோ என்பதே கேள்வி. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 300 மில்லிமீட்டர் லென்ஸ் 600-க்கு நிகராகப் பார்க்கும், லென்ஸோ கையடக்கம். இதைத் தொடங்கிவைத்த ஒலிம்பஸ் கேமராத் தொழிலையே விற்றுவிட்டது. 2021-லிருந்து அந்தக் கேமராக்கள் ஓஎம் சிஸ்டம் பக்கம் போய்விட்டன. சாம்சங் அதற்கு முன்பே கடையைக் கட்டியது. இரண்டு பேருக்கும் என் அனுதாபம் உண்டு.

ஜல்லிக்கட்டு வாடிவாசலுக்கு வந்தால் எல்லாக் கேமராவும் ஒரே எதிரியைச் சந்திக்கிறது: தூசி. தென்னை நார் பரப்பிய தரையில் காளை வந்து திரும்பினாலே மேகம் எழும்பும். டிஎஸ்எல்ஆரில் லென்ஸைக் கழற்றினால் மிரரும் மூடிய ஷட்டரும் சென்சாரை மறைத்து நிற்கும். மிரர்லெஸ்ஸில் கழற்றியதும் சென்சார் பளபளவென்று வெளியே தெரிகிறது. கேனான் இஓஎஸ் ஆர் முதலிலேயே, அணைத்தவுடன் ஷட்டரை மூடிக்கொண்டது. சோனி 2021-ல்தான் அந்த வசதியைக் கொடுத்தது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் நிற்பவர்கள் அங்கே லென்ஸ் மாற்றுவதில்லை. இரண்டு பாடி, இரண்டு தோள், பையில் ஒரு ப்ளோயர்.

இப்போது கேமராக்கள் இன்னொரு படி தாண்டிவிட்டன. சென்சார் எப்போதும் விழித்திருப்பதால், பொத்தானைப் பாதி அழுத்தி வைத்திருந்தாலே படங்களைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டே இருக்கும். முழுதாக அழுத்தியதும் அதற்கு முந்தைய சில படங்களும் கார்டில் ஏறிவிடும். ஒலிம்பஸ் 2016-ல் இ-எம்1 மார்க் 2-ல் கொடுத்த இந்த வித்தை இன்று கேனான், நிக்கான், சோனியிலும் இருக்கிறது. காளை பாய்ந்து வெளிவரும் கணத்துக்குப் பின்னால் விரல் கால் விநாடி தாமதமானாலும் படம் தப்பாது. அதற்கான கூலியை இரவில் கட்ட வேண்டியிருக்கிறது: ஒரு நாளில் அவிழ்க்கும் நூற்றுக்கணக்கான காளைகளுக்கும் விநாடிக்கு 20, 30 என்று குவிந்ததை லேப்டாப்பில் இறக்கி, திமிலில் கை விழுந்த அந்த ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஆபீஸிலிருந்து போன் வந்துவிடும்.